கேரளாவில் ஊதியதற்கு இங்கே விசாரணை

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் மேல் எனக்கு எந்தக் காலத்திலும் இரக்கம் இருந்ததில்லை. இப்போதும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு பேச வசதியாக இருக்கும்.

போன மாதம் பழைய அலுவலகத்தில் ஒருவருடைய பணி ஓய்வு விழாவுக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் உற்சாகமாகச் சொன்னாள்: "இப்பல்லாம் ரொம்ப ஈஸி மேடம். எந்த ஸ்டேட்டுல கேஸ் போட்டாலும் நம்ம ஸ்கிரீன்ல வந்து நிக்குது. பதிலையும் அதுலயே டைப் பண்ணி அனுப்பிடறாங்க. ஆளைப் பாக்கவே வேணாம்." எல்லோரும் நல்லதுதானே என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடைசி வார்த்தை உறுத்திக்கொண்டே வந்தது. ஆளைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஜெயபாண்டியின் கதை என்னவாகியிருக்கும்? அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பழனி மலை அடிவாரத்தில் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தட்டச்சராகச் சேர்ந்தேன். கவுன்டரில் உட்கார்ந்து புரோக்கர்களோடு சண்டை போட்டுத் தொண்டை கட்டியது கொஞ்ச காலம். தபால் பிரிவில் கொஞ்ச காலம். பிறகு உரிமப் பிரிவு. அங்கே வந்த புதிதில், மலைப்பாதையில் கவிழ்ந்த ஒரு வேனின் காகிதங்கள் என் மேஜைக்கு வந்தன. ஓட்டியவன் குடித்திருந்தான். அவன் பிழைத்துக்கொண்டான். பின்சீட்டில் இருந்த தாயும் பிள்ளையும் பிழைக்கவில்லை. அவனுடைய லைசென்ஸை ரத்து செய்யும் ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன். அன்றிலிருந்து குடிபோதை என்ற வார்த்தையைக் கோப்பில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு குருட்டு நம்பிக்கை உண்டு. செக்போஸ்ட்டைத் தாண்டி வேறு மாநிலத்தில் நடந்தது அந்த மண்ணோடு போய்விடும் என்று நினைப்பார்கள். அங்கே பிடித்தார்களா, அங்கேயே அபராதத்தைக் கட்டு, ஊர் வந்து சேர், அதோடு தொலைந்தது. டிரைவர்கள் மட்டுமா? வட்டக்கானலில் தங்கும் விடுதி வைத்திருந்த ஒருவர் பெங்களூரில் மாட்டிக்கொண்டு, எங்கள் நோட்டீஸைக் கையில் ஆட்டியபடி வந்து நின்றார்.

"மேடம், அது பெங்களூர் மேட்டர். ஃபைன் கட்டி க்ளோஸ் பண்ணியாச்சு. மறுபடி இங்க எதுக்கு என்கொயரி?"

"ஃபைன் கோர்ட்டுக்குக் கட்டுனீங்க சார். லைசென்ஸ் குடுத்தது நாங்கதானே? அதை வச்சுக்கலாமா வேணாமான்னு நாங்கதான் பாக்கணும்."

"சஸ்பெண்ட் பண்ணிட்டா மலையில இருந்து கீழ எப்படி வர்றது?"

"பஸ் விடுறாங்க சார். நானும் அதுலதான் வர்றேன்."

விஷயம் அவ்வளவுதான். லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் அதற்குச் சொந்த வீடு ஒன்று உண்டு, அது கொடுத்த அலுவலகம். எங்கே வழக்குப் பதிவானாலும் அந்த ஊர்ப் போலீஸ் பரிந்துரை எழுதி அந்த அலுவலகத்துக்கு அனுப்பும். நாங்கள் ஆளை அழைத்து, அவர் தரப்பைக் கேட்டு, மூன்று மாதமோ அதற்கு மேலோ நிறுத்தி வைப்போம். கேட்காமல் ஆணை போடக் கூடாது என்பது சட்டம். அந்தக் கேட்பதைப் பெரும்பாலான அதிகாரிகள் ஒரு சடங்காக முடித்துவிடுவார்கள். நின்றபடியே இரண்டு கேள்வி, ஒரு கையெழுத்து, அடுத்த ஆள்.

செல்வநாயகம் சார் அப்படி இல்லை. எங்களுக்கு ஆர்.டி.ஓ.வாக வந்தவர். மெலிந்த உருவம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு, குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. விசாரணைக்கு வந்தவரை முதலில் உட்காரச் சொல்வார். தண்ணீர் வரும். பிறகு வந்திருக்கும் அறிக்கையை ஒரு வரி விடாமல் அவரே தமிழில் படித்துச் சொல்வார். எதிரில் இருப்பவர் இடையில் புகுந்து மறுத்தால், "இருங்க, அவங்க சொன்னதை முழுசாக் கேட்டுருவோம், அப்புறம் உங்க நேரம்" என்பார். அவர் நேரம் வந்ததும் எல்லோரிடமும் அதே கேள்விதான்.

"அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க."

எனக்கு இது பெரிய இம்சை. குறிப்பெடுக்க வேண்டியவள் நான். பல் விளக்கினேன், டீ குடித்தேன், மச்சினன் வந்தான் என்று அவர்கள் பாட்டுக்குப் போவார்கள். வெளியே நடைபாதை முழுக்க ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "சார், குடிச்சானா இல்லையான்னு கேட்டா ஒரு வார்த்தையில முடிஞ்சிருமே" என்றேன். அவர் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். "ஒரு வார்த்தையில கேட்டா ஒரு வார்த்தையிலதாம்மா பொய் சொல்வான். காலையில இருந்து பொய் சொல்றது ரொம்பக் கஷ்டம்" என்றார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. முனகிக்கொண்டேதான் எழுதினேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெயபாண்டியின் கோப்பு வந்தது. வடகவுஞ்சிக்காரர், நாற்பதை ஒட்டிய வயது. பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பக்கத்து மலைக்கிராமப் பிள்ளைகளை ஒரு வேனில் பள்ளிக்கு அழைத்துப் போய்க் கொண்டுவருவார். விடுமுறையில் சுற்றுலா வண்டி ஓட்டுவார். அப்படி ஒரு விடுமுறையில், பழனியில் பிள்ளைக்கு மொட்டை போட வந்த ஒரு திருப்பூர்க் குடும்பத்துக்கு மூன்று நாளாக வண்டி ஓட்டி, கடைசியில் மூணாறுக்கு அழைத்துப் போயிருக்கிறார். கேரள எல்லையைத் தாண்டியதும் சோதனை. மெஷினில் ஊதச் சொன்னார்கள். அளவுக்கு மேல் காட்டியது. வழக்குப் பதிந்து, லைசென்ஸை வாங்கிக்கொண்டு, நிறுத்தி வைக்கச் சொல்லி எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விசாரணைக்கு மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் பெயர் முத்துலட்சுமி, மலைவாழைத் தோட்டத்தில் வேலை. உட்கார்ந்ததும் முதலில் அவர்தான் வாயைத் திறந்தார்.

"சார், இவுக குடிக்க மாட்டாக."

எல்லோருடைய மனைவியும் இதைத்தான் சொல்வார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார்.

"மேடம், குடிக்கிற ஆளா இருந்தா நான் இங்க வந்து உக்காந்திருக்கவே மாட்டேன். வீட்டுலயே வெளக்கமாத்தால முடிச்சிருப்பேன்."

சார் சிரிக்கவில்லை. அறிக்கையைப் படித்து முடித்துவிட்டுத் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஜெயபாண்டி குனிந்த தலையோடு ஆரம்பித்தார்.

"வெள்ளனே எந்திரிச்சேன் சார். லாட்ஜ் வாசல்ல வண்டியைக் கழுவுனேன். அவங்க குளிச்சுக் கெளம்ப நேரமாயிருச்சு. நான் டீ மட்டும் குடிச்சேன். சின்னாறு தாண்டினதும் பாப்பாவுக்கு வாந்தி. ஒரு எடத்துல நிறுத்துனோம். பாப்பாவோட அம்மா, அந்தத் தங்கச்சி, வண்டி முன்னால இருந்த தூக்கை எடுத்துச்சு..."

"என்ன தூக்கு?" என்றார் சார்.

"பஞ்சாமிர்தம் சார். வேண்டுதலுக்கு அவங்க வீட்டுல பண்ணிக் கொண்டாந்தது. சாமிக்கு வச்சது போக மிச்சம் கெடந்துச்சு. பாப்பாவுக்குக் குடுக்கத் தொறந்தா நுரைச்சுப் போய் நிக்குது. மூணு நாளா வண்டி முன்னால வெயில்லயே கெடந்துச்சுல்ல. பிள்ளைக்கு வேணாம்னுட்டாங்க. பெரசாதம், கீழ கொட்ட மனசு வரல. அண்ணே, நீங்க முடிச்சிருங்கன்னு அந்தத் தங்கச்சி குடுத்துச்சு. நானும் பசியில வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு, தூக்கைக் கழுவிக் குடுத்துட்டு வண்டியை எடுத்தேன். ரெண்டு வளைவு தாண்டுனா போலீஸ் நிக்காக."

"வாய் கொப்புளிச்சீங்களா?"

"இல்ல சார். பெரசாதம் தின்னுட்டு வாய் கொப்புளிச்சுத் துப்புவாகளா?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழனிப் பக்கம் பிறந்தவன் பசித்துக் கிடப்பான், பஞ்சாமிர்தத்தைத் தரையில் கொட்ட மாட்டான். விரலில் ஒட்டியதைக்கூட நக்கிவிட்டுத்தான் கை துடைப்பான். ஆனாலும் நான் நம்பவில்லை. நல்ல கதையாக ஜோடித்துக்கொண்டு வந்திருக்கிறார், சாமி பேரைச் சொன்னால் விட்டுவிடுவோம் என்ற நினைப்பு என்றுதான் தோன்றியது. முகத்திலும் அதைக் காட்டியிருப்பேன்.

முத்துலட்சுமி முணுமுணுத்தார். "ஈரக் கரண்டியைப் போட்டிருப்பாக. சொட்டுத் தண்ணி பட்டாலே அது பொங்கிரும்."

"கோர்ட்டுல என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் சார்.

"வண்டி ஓனரு, ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வான்னு சொல்றாரு சார். வெரசா முடிஞ்சிருமாம். நாலு தடவை அலைஞ்சா என் சோலி கெட்டுப் போகும். ஒத்துக்கிட்டா அதோட போச்சுல்ல?"

இதோ, அதே குருட்டு நம்பிக்கை. சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கோர்ட்டுல என்ன சொல்லணும்னு நான் சொல்லக் கூடாது. ஒத்துக்கிட்டா இங்க என்ன ஆகும்னு சொல்றது என் கடமை. அங்க ஒத்துக்கிட்டா நீங்க குடிச்சுட்டு ஓட்டினவர்னு ஆயிரும். பஞ்சாமிர்தக் கதையை அதுக்கப்புறம் நான் கேக்க முடியாது. லைசென்ஸ் நிக்கும். மறுபடி கைக்கு வந்தாலும் அந்தப் பேரு கூடவே வரும். ஸ்கூல் வேன் குடுப்பாங்களா, நீங்களே யோசிங்க."

ஜெயபாண்டிக்கு முகம் வெளிறிவிட்டது. பள்ளிக்கூட நிர்வாகி, கறை இல்லாத லைசென்ஸோடு வந்தால் வேன் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். ஜெயபாண்டி ஓட்டும் வேனில் போகிற பிள்ளைகளில் அவருடைய சொந்த மகளும் ஒருத்தி.

அவர்களை அனுப்பிய பிறகு சார் என்னைப் பார்த்தார். "நீங்க நம்பல."

"இல்ல சார்."

"நல்லது" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த வாரம் விளங்கியது. முத்துலட்சுமியைப் பஞ்சாமிர்தம் செய்து, ஈரக் கரண்டி போட்டு, மூன்று நாள் வெயிலில் ஒரு வண்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். வாகன ஆய்வாளர் ஊதும் மெஷினோடு வந்து நின்றார். மேஜை மேல் எவர்சில்வர் தூக்கு. மூடியைத் திறந்ததும் புளித்த வாசனையும் ஏலக்காய் வாசனையும் கலந்து வந்தன. மேலே பொடிப்பொடியாக நுரை.

"யார் சார் ஊதப் போறது?" என்று கேட்டேன்.

"நீங்கதான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் தருவார்கள். "சார், என்னை எதுக்கு? ஆபீஸ்ல இத்தனை ஆம்பளைங்க இருக்காங்க."

"அவங்கள்ல பாதிப் பேரு நேத்து ராத்திரி என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் ஊதினா, எனக்கு வேணுங்கிறதை நானே காட்டிக்கிட்டேன்னு ஆகும். இந்த ஆபீஸ்லயே இவர் சொல்றதைக் கொஞ்சங்கூட நம்பாத ஆளு நீங்கதாம்மா. அதனால நீங்க ஊதுங்க."

முதலில் வெறும் வாயில் ஊதினேன். சுழியம். பிறகு கரண்டியை வாங்கினேன். மனத்துக்குள் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் வாயில் போட்டேன். தித்திப்புக்கு அடியில் ஒரு காரமான புளிப்பு. இன்னொரு கரண்டி. ஜெயபாண்டி தின்றதுபோல வழித்துத் தின்றேன். ஆய்வாளர் மெஷினை நீட்டினார். ஊதினேன்.

மெஷின் கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆய்வாளர் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மெஷினை மட்டும் நம்பினால், இதே நிமிஷம் நான் ஒரு குடிகாரி. என் முகத்தைப் பார்த்து எந்தக் கண்காணிப்பாளராவது பேனாவை மூடி வைத்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எதிரே முத்துலட்சுமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க" என்றார் சார். கொப்புளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினேன். சுழியம்.

சார் அதற்குப் பிறகும் துள்ளிக் குதிக்கவில்லை. "இதனால அன்னைக்கு நீங்க குடிக்கலன்னு ஆயிராது ஜெயபாண்டி. இது சாட்சியும் இல்ல. ஆனா நீங்க சொல்றது நடக்கக்கூடிய விஷயம்னு தெரிஞ்சு போச்சு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட முடியாது." கோர்ட்டு முடிவு தெரியும்வரை நடவடிக்கையை ஒத்திவைக்கிறேன் என்று ஆணை சொன்னார். நான் எழுதினேன். அன்றைக்கு என் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது.

லைசென்ஸை அவர் கையில் திருப்பிக் கொடுத்தபோது ஜெயபாண்டி ஒன்று சொன்னார். "பேரு தெளியிற வரைக்கும் பிள்ளைக வண்டியை நான் தொட மாட்டேன் சார். காய்கறி லோடு ஓட்டிக்கிறேன்." யாரும் கேட்காமல் அவரே சொன்னது இது. அந்த இடத்தில்தான் நான் அவரை முழுதாக நம்பினேன், மெஷினைப் பார்த்தபோது அல்ல.

கேரளக் கோர்ட்டில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி ஓனர் கோபித்துக்கொண்டு வேறு டிரைவரைப் போட்டுக்கொண்டார். வத்தலக்குண்டு சந்தையில் லோடு இறக்கிவிட்டு, அப்படியே பஸ் பிடித்து மலை சுற்றி வாய்தாவுக்குப் போய் வந்தார். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் அம்மா கிடைத்தார். அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம்: அந்தத் தூக்கைக் கொடுத்த பெண் வருவாளா?

முத்துலட்சுமி திருப்பூருக்குப் போன் போட்டார். அந்த வீட்டு மனிதர், எங்களை எதுக்கு இழுக்கிறீங்க என்று வைத்துவிட்டாராம். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே கூப்பிட்டிருக்கிறாள். "அக்கா, அன்னைக்கு அண்ணனைப் பத்தி நாங்க தப்பா நெனச்சுட்டோம். வண்டியில ஏறவே பயந்துட்டோம். நான் குடுத்ததுதான்னு அப்ப எனக்குத் தோணவே இல்லைங்க. எந்தத் தேதி?"

தலையில் அரை விரல் முடி வளர்ந்திருந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கூண்டில் ஏறி நின்றதை ஜெயபாண்டி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான்தான் கொடுத்தேன், கொட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் என்றாளாம். இரண்டாவது தடவை ஊதச் சொன்னீர்களா என்று நீதிபதி கேட்டதற்கு, அன்றைக்குச் சோதனை நடத்திய போலீஸ்காரர், கூட்டம் அதிகம், ஒரு தடவைதான் எடுத்தோம் என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஜெயபாண்டியை விடுவித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் அந்தப் போலீஸ்காரர் தோளைத் தட்டி, "அண்ணாச்சி, இனி பழனியிலிருந்து வருகிறவர்களிடம் முதலில் வாய் கொப்புளிக்கச் சொல்கிறேன்" என்று மலையாளத்தில் சொன்னாராம்.

தீர்ப்பு நகல் வந்த அன்றே செல்வநாயகம் சார் எங்கள் கோப்பை முடித்தார். மேல் நடவடிக்கை இல்லை. சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, "அடுத்தவரை வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் அவருடைய கொண்டாட்டம்.

ஆனால் ஆணை போட்டு ஊர் வாயை அடைக்க முடியாதே. கேரளாவில் குடித்து மாட்டியவன் என்று வடகவுஞ்சியில் பேச்சு முன்னமே பரவியிருந்தது. பள்ளிக்கூடம் வேனைக் கொடுத்துவிட்டது, தாய்மார்கள் பிள்ளைகளை ஏற்றுவார்களா என்பதுதான் கேள்வி. அது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், வேறு சோலி எதுவும் இல்லாத திமிரில், காலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்து மேலே ஏறினேன்.

பனி விலகியிருக்கவில்லை. நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குல்லாவும் ஸ்வெட்டருமாக நின்றார்கள், அம்மாக்களும் நின்றார்கள். வேன் வந்தது. கதவு திறக்கவில்லை. ஜெயபாண்டி இறங்கி முன்பக்கம் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்தார். சொந்தக் காசில் வாங்கியது.

"ஊதுங்க மாமா" என்றன பிள்ளைகள்.

ஊதினார். மெஷினை ஒரு சிறுமியிடம் நீட்டினார். அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சைபர்" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. முதல் நாள் ஒரு தாய், எந்த நம்பிக்கையில் ஏத்துறது என்று முகத்துக்கு நேரே கேட்டாராம். அன்றிலிருந்து இப்படி. இப்போது அந்தப் பக்கத்தில் ஓடும் இன்னும் இரண்டு வேன்களிலும் பிள்ளைகள் ஊதச் சொல்லிக் கேட்கிறார்களாம். அந்த டிரைவர்கள் ஜெயபாண்டியைத் திட்டிக்கொண்டே ஊதுகிறார்களாம்.

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடம், நீங்க எங்க இங்க? வாங்க, முன் சீட்டுல உக்காருங்க. டவுன்ல எறக்கி விடுறேன்."

படியில் கால் வைத்தேன். மெஷின் வைத்திருந்த சிறுமி குறுக்கே கையை நீட்டினாள்.

"ஊதிட்டு ஏறுங்க ஆச்சி."

ஜெயபாண்டி பதறிப்போய் அவளை அதட்டப் போனார். நான் தடுத்துவிட்டேன். அவள் பக்கமாகக் குனிந்து, இழுத்து மூச்சு விட்டு, நன்றாக ஊதினேன். மொத்தக் கூட்டமும் எண்ணுக்காகக் காத்து நின்றது. அவள் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், பிறகு கையை எடுத்து எனக்கு வழி விட்டாள்.